வீட்டுக்கு வந்த ஓட்டுப்பெட்டி

என் அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்கும் கிடையாது. உள்ளே நான் விழுந்துவிட்டால் யாராவது ஓடிவந்து தூக்க வேண்டுமே என்று, அப்பா உயிரோடு இருந்தபோதே கழற்றிவிட்டார்கள். குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் கால்கள் இரண்டும் போயின. அதற்குப் பிறகு என்னைத் தூக்கிச் சுமந்தது அப்பா. அவர் முதுகு வளைந்ததும் அந்த வேலை அண்ணனுக்கு வந்தது. இன்றைக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் என்னைத் தூக்கிப்போகிறவர் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு அவரைக் கெட்டவராக யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வீடு பெருமாநல்லூரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் என்று பெயர்தான். கிணற்றை மூடி, தென்னைகளை வெட்டி, அண்ணன் அங்கே ஷெட் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறார். பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற சின்ன கம்பெனி. தைத்து வருகிற பனியன்களில் ஓட்டை, அழுக்கு, தையல் விட்டது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை எனக்கு. என் நாற்காலி உயரத்துக்கு அண்ணன் ஒரு மேசை செய்து கொடுத்திருக்கிறார்.

நான் முதன்முதலில் ஓட்டுப் போட்டது ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில். எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிதான் வாக்குச்சாவடி. வாசலில் உயரமான கல்படிகள். அண்ணன் என்னைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஏறினார். வரிசையில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள். வகுப்பறை மூலையில் ஒரு மேசை, அதன்மேல் மூன்று பக்கமும் மறைத்த அட்டை. அண்ணன் என்னை மேசை விளிம்பில் உட்காரவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடியை விட்டால் விழுந்துவிடுவேன். அதனால் அவரை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"இதுல குத்து அம்முணி. அதுல இது. ஆ, அதேதான்."

அவர் சொன்ன இடத்தில் எல்லாம் முத்திரையைக் குத்தினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "அம்முணி அழகாக் குத்தீருச்சுங்கப்பா" என்றார். அப்பா சிரித்தார். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வெளியே போய்வந்ததே பெரிய விசயம்.

அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் சீட்டு இல்லை, மெஷின் வந்துவிட்டது. அதை உயரமான மேசையில் வைத்திருந்தார்கள். கையை நீட்டினால் மேசையின் விளிம்புதான் எட்டியது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அங்கிருந்த அதிகாரி எரிச்சலோடு, "அவங்களுக்குப் பதிலா நீங்களே அமுத்திட்டு வாங்க சார்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அட்டைக்குப் பின்னால் போனார். கூவென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. அதுதான் என் ஓட்டு.

திரும்பி வரும்போது கேட்டேன். "எதுலங்கண்ணா அமுத்துனீங்க?"

"நாம எப்பவும் போடறதுலதான்" என்றார்.

அவர் 'நாம' என்று சொன்னது அன்றைக்கு ராத்திரிவரைக்கும் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. நான் எப்போது எதற்குப் போட்டேன்?

இதெல்லாம் மாறியது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தி எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பிறகு. என்னைவிடச் சின்னவள். கணவனும் மனைவியுமாகப் பிழைக்க வந்து, கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது எனக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வருவாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் செக்கிங் பார்ப்பாள். ஒரு தேர்தல் நாளில் அண்ணனுக்கு அவசரமாகக் காதர்பேட்டை பனியன் கடைவீதிக்குப் போகவேண்டி வந்தது. வடக்கிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் காத்திருந்தார். சாயங்காலம் வந்து தூக்கிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சாயங்காலம் வரைக்கும் என்னத்துக்கு காத்துக் கெடக்கணும்? நான் கூட்டிட்டுப் போறேன், வாங்கக்கா" என்றாள் அவள்.

அவளுக்கு இங்கே ஓட்டு இல்லை. சொந்த ஊரில் இருந்தது. மாற்றவும் இல்லை, அங்கே போய்ப் போடவும் முடிந்ததில்லை. ஆனால் என்னை என் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை வந்தாள். படிகளில் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அந்தத் தடவை அதிகாரியாக இருந்தது ஒரு பெண். வேறு ஊர்க்காரர். மெஷினையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சை இழுத்துப்போடச் சொல்லி, மெஷினை அதில் இறக்கி வைத்தார். கட்சி ஏஜெண்டு ஒருவர், "மெசினையெல்லாம் நகத்தக் கூடாதுங்க மேடம்" என்றார்.

"இவங்க கைக்கு எட்டணும் சார். எட்டலைன்னா இது எதுக்கு இங்க இருக்கு?"

என் தோழியிடம், "நீங்க இங்கயே நில்லுங்கம்மா. அவங்க தனியாப் போகட்டும்" என்றார்.

நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அட்டை மறைப்புக்குள் போனேன். பெயர்கள், சின்னங்கள், நீலப் பொத்தான்கள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. யாருடைய கையும் என் மேல் இல்லை. எந்த நேரமும் யாராவது திறந்துகொண்டு வரக்கூடிய அறையில் வளர்ந்தவள் நான். அங்கே மட்டும், நான் முடித்துவிட்டேன் என்று சொல்லாமல் யாரும் வரக் கூடாது என்று சட்டமே இருந்தது. உடனே அழுத்த மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"முடிஞ்சுதாம்மா?" என்று வெளியே குரல் கேட்டது.

அழுத்தினேன். பக்கத்துக் கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சீட்டு தெரிந்து, கீழே விழுந்தது. "முடிஞ்சுதுங்க" என்றேன்.

அண்ணன் வந்து கேட்டார். "நம்ம சின்னத்துலதான?"

"ஆமாங்கண்ணா" என்றேன். அது உண்மையா பொய்யா என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். போன தடவை பள்ளிக்கூடத்தில் படிக்குப் பக்கத்தில் சிமெண்ட் சரிவு கட்டியிருந்தார்கள். நல்லதுதான், ஆனால் செங்குத்தாகக் கட்டிவிட்டார்கள். மேலே போய்ச் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு வேறு. அங்கே முன்சக்கரம் தட்டியது. அவள் அழுத்தித் தள்ளினாள். நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து, நான் சரிவில் உருண்டு விழுந்தேன். சேலை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஓடிவந்தவர்களில் ஒருவர் தூக்காமல் செல்போனில் படம் எடுத்தார். நெற்றியில் ரத்தத்தோடு நான் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற வீடியோ, சாயங்காலத்துக்குள் ஊரின் எல்லா வாட்ஸப் குழுக்களிலும் சுற்றியது. பாராட்டித்தான் போட்டிருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் நான் விழுந்து கிடப்பதும் அதில் இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு போனைக் கட்டிலில் எறிந்தார். "இனி நீ அங்க போகவே வேண்டாம் அம்முணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதனால்தான் இந்தத் தேர்தலில், வயதானவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம், அதிகாரிகளே பெட்டியோடு வருவார்கள் என்று தெரிந்ததும் அண்ணனுக்கு அவ்வளவு நிம்மதி. எங்கள் பகுதி வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அங்கன்வாடி டீச்சர் ஒரு மத்தியானம் படிவத்தோடு வந்தார். அண்ணனும் என் அண்ணியும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.

"பாரு அம்முணி, உனக்காக ஊட்டுக்கே வர்றாங்களாமா. இதுக்கு மேல என்ன ஓணும்?" என்றார் நங்கை.

"இதுல கையெழுத்துப் போடு கண்ணு. வெயில்ல அலையற வேலையே இல்ல" என்றார் டீச்சர்.

எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றியது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? தனியாக இருக்க வேண்டும் என்றா? என்னைக் குளிக்கவைத்து, துணி மாற்றி, சோறு போடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து, உங்கள் கண் படாத இடம் எனக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே டீச்சருக்குப் போன் செய்தேன். "நான் பூத்துக்கே வந்தர்றனுங்க டீச்சர். அதைக் கேன்சல் பண்ண முடியுங்களா?"

"அய்யோ, அது மேல போயிருச்சே கண்ணு. ஒருக்கா குடுத்தா குடுத்ததுதான். பூத் லிஸ்ட்ல உன் பேருக்கு நேரா குறிச்சிருப்பாங்க. அங்க வந்தா போட உட மாட்டாங்க."

என் தோழியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலால் ஒரு பிசிறை வெட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்கே வாராங்க. எனக்கு ஊருக்குப் போறதுக்கு லீவே கிடைக்கல. நீங்க என்னக்கா இதுக்குப் போய் மல்லுக்கட்டுறீய?" என்றாள். கோபம் இல்லை அவளிடம். களைப்புத்தான் இருந்தது. ஏற்றுமதிச் சரக்கு ஒன்று அவசரமாகப் போகவேண்டி இருந்தது. ஓட்டு நாளைக்கு முன்னும் பின்னும் லீவு கிடையாது என்று அண்ணன்தான் சொல்லியிருந்தார்.

ஓட்டுப்பெட்டி ஒரு காலை நேரத்தில் ஜீப்பில் வந்தது. இளைஞரான ஓர் அதிகாரி, அவருக்கு உதவியாக ஒரு பெண், ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர். கூடவே கட்சிக்காரர்கள் சிலர் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் அண்ணனுடைய நீண்டகாலச் சிநேகிதர். "அண்ணன் ஊட்டு அஞ்சு ஓட்டும் நமக்குத்தானுங்க. அதுல சந்தேகமே இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னது என் அறைவரைக்கும் கேட்டது. அண்ணனும் சிரித்தார். கம்பெனி மெஷின்களின் சத்தம் குறைந்துவிட்டது. வேலை செய்கிறவர்கள் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நங்கை மோர் கொண்டுவந்தார். அதிகாரி வேண்டாமென்று கைகூப்பினார். என் அடையாள அட்டையைப் பார்த்தார், ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார். பிறகு நான் சாப்பிடுகிற சின்ன மேசையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து, அதன்மேல் அட்டை மறைப்பை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே மாதிரி அட்டை. ஆனால் அதற்குமேலே என் துணிகள் தொங்குகிற கொடி தெரிந்தது. பக்கத்தில் என் மருந்து டப்பா. வாக்குச்சீட்டும் பேனாவும் கொடுத்தார். இத்தனை வருசம் மெஷினுக்குப் பிறகு மறுபடியும் காகிதம்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றார் அதிகாரி.

நங்கை போனார். அண்ணன் போகவில்லை. கட்டிலின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். குனிந்து எழுதினால் சாய்ந்துவிடுவேன் என்று என் பின்னால் வந்து இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும்தான் சார்" என்றார் அதிகாரி.

"நான் எதும் பாக்க மாட்டனுங்க. புடிச்சுக்கறேன், அவ்வளவுதான். இல்லீன்னா உழுந்துருமுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "தானா எழுத முடியாதவங்களுக்குத் துணைக்கு ஒருத்தர் இருக்கலாம். அதை நீங்கதான் சொல்லணும். அண்ணன் இருக்கட்டுங்களா?"

அறையில் இருந்த எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அண்ணனின் விரல்கள் என் தோளில் சூடாக இருந்தன. அந்தக் கைகள் இல்லாமல் ஒரு நாளைக்கூட நான் கழித்ததில்லை.

"வேண்டாங்க. நானே போட்டுக்கறனுங்க" என்றேன்.

அண்ணன் கையை எடுக்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"அண்ணா, நீங்க வெளிய போங்க."

"உழுந்துருவ அம்முணி."

"உழுந்தா உழுகறனுங்கண்ணா. நீங்க போங்க."

கைகள் விலகின. அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு போடாத காலடிகள் ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போவது கேட்டது. அங்கே அந்தச் சிநேகிதர், "என்னங்ணா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டார்.

அதிகாரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், வீடியோக்காரரும் கேமராவை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் கதவைச் சாத்தி, அது தானாகத் திறந்துகொண்டதால் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இடது கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முதுகு நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்த அமைதி இங்கே இல்லை. நான் என்ன செய்தேன் என்பது வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது போலவே இருந்தது. எதற்குப் போட்டாலும், அண்ணனை வெளியே அனுப்பிய பிறகு, அவர்களைப் பொறுத்தவரை நான் வேறு எதற்கோ போட்டவள்தான்.

பேனாவைச் சீட்டின்மேல் வைத்தேன். டிக் போடும்போது மேசை நகர்ந்துவிட்டது. என் குறியின் வால் பக்கத்துக் கட்டத்தின் கோட்டைத் தொட்டதா தொடவில்லையா என்று சரியாகத் தெரியவில்லை. வேறு சீட்டு கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சிநேகிதர் முன்னால் நிற்க வேண்டும். மடித்து உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன். சத்தமும் வரவில்லை, கண்ணாடிக்குள் சீட்டும் விழவில்லை. பெட்டியின் வாய்க்குள் உறை போவதை மட்டும் பார்த்தேன். அவர்கள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

நங்கை மத்தியானம் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அத்தன பேரு முன்னாடி அவரை வெளிய போன்னு சொல்லீட்டயே அம்முணி. உன்னைச் சுமந்த மனுசன். நாங்க என்ன உன்ற ஓட்டையா புடுங்கித் தின்னுபோட்டோம்?"

"அப்படியில்லீங்க நங்கை..."

"பின்ன எப்படி?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் செய்ததிலும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்க இடம் போதவில்லை.

அண்ணன் என்னைத் தூக்குவதை நிறுத்தவில்லை. முன்போலவே நேரத்துக்கு வந்தார், தூக்கினார், உட்காரவைத்தார். ஆனால் பேச்சு நின்றுவிட்டது. முன்பெல்லாம் தூக்கும்போது, "என்ன அம்முணி, எடை கூடிப்போச்சு?" என்று ஏதாவது சொல்லுவார். நான் பதிலுக்கு, "உங்களுக்கு வயசாயிப்போச்சுங்கண்ணா" என்பேன். இப்போது அவருடைய மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பேசாதவரின் கைகளில் தொங்கிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊரே ஓட்டுப் போடப் போன அந்த நாளில் கம்பெனி லீவு. அண்ணன், நங்கை, கோயம்புத்தூரிலிருந்து வந்த அவர்களுடைய மகள்கள் இருவரும் காலையிலேயே கிளம்பிப் போனார்கள். என் தோழி வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குப் போக இடம் இல்லை. சாலையில் கூட்டங்கூட்டமாக ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"அண்ணாச்சி இன்னும் பேசலையாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பேசுவாரு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானா இருந்தா அவரைப் போகச் சொல்லியிருக்க மாட்டேன்க்கா. எனக்கு அம்புட்டு தைரியம் கிடையாது. சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள்.

சரி என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன். அவளும் அண்ணனிடம்தான் சம்பளம் வாங்குகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஓட்டு எண்ணுகிற நாளில் அண்ணன் என்னை ஹாலுக்குத் தூக்கிவந்து சோபாவில் உட்காரவைத்துவிட்டு, தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டார். தபால் ஓட்டுகளையும் வீட்டிலிருந்து போட்ட ஓட்டுகளையும் முதலில் எண்ணுகிறார்கள் என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். மெஷின் ஓட்டுகள் அதற்குப் பிறகுதானாம்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"உன்றதைத்தான் மொதல்ல எண்றாங்களாமா" என்றார்.

"ஆமாங்கண்ணா."

அவர் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. எங்கேயோ ஒரு மண்டபத்தில் யாரோ என் சீட்டைப் பிரித்து, அந்தக் குறியின் வாலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். செல்லும் என்பார்களா, செல்லாது என்பார்களா? அது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.